விமர்சனம் எழுதும் பிள்ளையை யார் வாசிக்கிறார்கள்? – இணையவழிக் கதைப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த குழுவுக்கு ஆள் எடுக்கும் உங்கள் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கதை விமர்சகர், தன்னார்வப் பயிற்சி, மூன்று மாதம், வீட்டிலிருந்தே செய்யலாம், முடிவில் சான்றிதழ். போன குழுவில் என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இருவருக்கும் பரிந்துரைக் கடிதம் கொடுத்தது நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் அமைப்பின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே மாதிரி ஒன்றைத் தொடங்க இன்னும் சிலர் யோசிப்பதாகக் கேள்வி. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உங்கள் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பாமல் வெளியில் வைக்கிறேன்.

திட்டம் நல்ல திட்டம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் மலேசியாவில் கதை எழுத ஆரம்பிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் போட்டிதான். பள்ளியில் போட்டி, சங்கத்தில் போட்டி, பத்திரிகையில் போட்டி, பல்கலைக்கழகத்துக்குப் போனால் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி. பரிசு வாங்கியவர் பெயர் வெளியே வரும், கதை அச்சிலும் வரும். பரிசு கிடைக்காத கதைகளுக்கு என்ன ஆனது? எந்த இடத்தில் நீதிபதிக்கு அலுத்தது, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்? அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருடமும் அதே கதையைப் பெயர் மாற்றி அனுப்புவார், இல்லை எழுதுவதையே விட்டுவிடுவார்.

சரி, புத்தகம் போட்டவர்கள் நிலைமை தேவலாமா என்றால் அதுவும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நூல் வெளியீடுகளுக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். பொன்னாடை, முதல் நூல் பெறுதல், புகழுரை. நிகழ்ச்சி நிரலில் நூல் ஆய்வு என்று ஒன்று இருக்கும். ஆய்வு செய்கிறவர் அட்டைப்படத்தைப் பாராட்டி, அணிந்துரையில் இருப்பதைத் திருப்பிச் சொல்லி, நேரமின்மை காரணமாக என்று முடித்துக்கொள்வார். இப்படிப்பட்ட ஊரில், வந்த ஒவ்வொரு கதைக்கும் ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதுவார் என்று நீங்கள் சொன்னது பெரிய விஷயம். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பிள்ளைகளை அனுப்பினேன்.

ஆனால் மலேசியாவில் இதுவே முதல்முறை என்று அறிவிப்பில் போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள். 1950-51லேயே தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தியிருக்கிறார்கள். பத்திரிகையே வகுப்பறை. இன்டர்நெட் இல்லை, ஜூம் இல்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் இல்லாமல் கதைக்கலை பழகிய கதை நமக்கு எழுபது வருடத்துக்கும் மேல் பழையது. அதே ஐம்பதுகளில் தமிழ் நேசனில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இளம் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்துக் கதை பேசினார். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனது. அதோடு இந்த நினைவும் போய்விட்டது போலிருக்கிறது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் சொல்லித்தருகிறவர் எழுதியது பத்திரிகையில் எல்லார் கண்ணிலும் பட்டது. தவறாகச் சொன்னால் கேட்பதற்கு நாலு பேர் இருந்தார்கள். உங்கள் ஏற்பாட்டில் இருபது வயதுப் பிள்ளை முதல் நாளிலேயே சொல்லித்தருகிறவராக உட்கார்ந்துவிடுகிறாள். அவள் எழுதுவது இரண்டு பேருக்குப் போகிறது. ஒருவர் கதையாசிரியர், இன்னொருவர் உங்கள் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் அதைத் திறந்து படிப்பதில்லை.

இதைப் பிள்ளைகள் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி கேட்டது இது: "டீச்சர், மூணு மாசம் எழுதினேன். நான் எழுதினது சரியா, தப்பா, கொஞ்சம் கடுமையா, ஒண்ணுமே யாரும் சொல்லலையே. செர்டிஃபிகேட்ல மட்டும் சிறந்த பங்களிப்புன்னு போட்டிருக்கு." அவளுடைய விமர்சனங்களை வாங்கிப் படித்துப் பார்த்தேன். முதல் வாரத்தில் எழுதியதற்கும் கடைசி வாரத்தில் எழுதியதற்கும் ஒரே வித்தியாசம்தான்: கடைசியில் எழுதியது சின்னதாக இருந்தது.

பயிற்சி என்று பெயர் வைத்தால் பயிற்சி பெறுகிறவர் எழுதியதை ஒருவர் படிக்க வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

நீங்கள் கொடுக்கும் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கரு, பாத்திரப்படைப்பு, மொழிநடை, படிப்பினை. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. கீழே 'மேம்படுத்த வேண்டியவை' என்று ஒரு பெட்டி. இது எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் கட்டுரை திருத்தும் முறையின் தம்பி. நான் பல வருடம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தவள், பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. படிப்பினைக்குப் பத்துப் புள்ளி வைத்தால் படிப்பினை இல்லாத கதை தானாகவே முப்பதுக்குள் நின்றுவிடும். ஏற்கெனவே நம் பிள்ளைகள் கடைசிப் பத்தியில் 'ஆகவே நாம்' என்று தொடங்கி நன்னெறி சொல்லாமல் கதையை முடிக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்கு நீங்களும் புள்ளி கொடுத்து வளர்க்கிறீர்கள்.

படிவத்தில் காலியாக இருக்கும் பெட்டியை நம் பிள்ளைகள் எதைக்கொண்டு நிரப்புவார்கள்? ஒற்றுப்பிழை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம். அதுதான் அவர்களுக்குத் தைரியமாகச் சொல்ல வரும், ஏனென்றால் அதற்கு விதி இருக்கிறது, எதிர்த்துப் பேச முடியாது. ஒற்று முக்கியமில்லை என்று ஒரு தமிழாசிரியை சொன்னால் என்னைத் தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். முக்கியம்தான். ஆனால் அது மெய்ப்புத் திருத்துகிறவர் வேலை. கதை எழுதியவருக்குத் தன் கதை வாசகர் மனதில் என்ன செய்தது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல விதி கிடையாது, வாசித்தவர்தான் தன்னைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நானே இட்டுக்கட்டியது, ஏனென்றால் பிள்ளைகள் எழுதிய கதையைப் பொதுவில் எடுத்துப் பேசுவது முறையில்லை. பதினாறு வயதுப் பையன் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். பி.பி.ஆர். என்கிற அரசாங்க மலிவுவிலை அடுக்குமாடி, பதினான்காம் மாடி, லிஃப்ட் பழுது. தாத்தா மூன்று நாளாகக் கீழே இறங்கவில்லை. பேரன் சாப்பாடு வாங்கி ஏறுகிறான். கடைசியில் பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று முடிகிறது. வழக்கமான விமர்சனம் இப்படி இருக்கும்: 'சிறப்பான முயற்சி. சமூகச் சிக்கலைப் பேசியது பாராட்டுக்குரியது. ஒற்றுப்பிழைகளைத் தவிர்க்கவும். பாத்திரங்களை இன்னும் ஆழமாகப் படைத்திருக்கலாம். 28/40.' இதை வாங்கிய பையன் என்ன செய்வான்? 'ஆழமாக' என்றால் எங்கே தோண்டுவது?

இன்னொருத்தி இப்படி எழுதுகிறாள்: 'பேரன் ஒன்பதாம் மாடியில் நின்று, பொட்டலத்தில் இருந்து ஒரு வடையைத் தின்றுவிட்டு ஏறுகிறானே, அங்கே நான் சிரித்தேன். அவனை நம்பினேன். அதுவரை அவன் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்த பத்தியில் தாத்தா மனதுக்குள் நினைப்பது வருகிறது. அது பேரனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி குழம்பினேன். வேண்டுமென்றே செய்தீர்களா? கடைசி வரியை மூடிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன், எனக்குக் கதை அப்போதும் முடிந்துதான் இருந்தது.' இதில் புள்ளி இல்லை. திருத்தி எழுதிக் கொடுக்கவும் இல்லை. எந்த வரியில் என்ன நடந்தது என்று மட்டும் இருக்கிறது. பையன் உடனே தன் கதையை எடுத்து ஒன்பதாம் மாடியைத் தேடுவான்.

இப்படி எழுதப் பிறக்கும்போதே யாருக்கும் வராது. பழக்க வேண்டும். பழக்குவது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியமும் இல்லை. முதல் இரண்டு வாரம் எந்த எழுத்தாளரின் கதையையும் கையில் கொடுக்காதீர்கள். ஒரே கதையைக் குழுவில் எல்லாரிடமும் கொடுங்கள், தனித்தனியே எழுதட்டும், பிறகு எல்லா விமர்சனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். ஒருத்தி சிரித்த இடத்தில் இன்னொருவன் எரிச்சலடைந்திருப்பான். தன் ரசனை ஒன்றே உலகத்துக்கு அளவு இல்லை என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சென்னையில் இருந்து வாசிக்கிற தன்னார்வலருக்கு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) காட்சி புரியாமல் போனால், அது கதையின் குறையா, தனக்கு இந்த ஊர் தெரியாததா என்று பிரித்துப் பார்க்கவும் அங்கேயே பழகலாம். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் ஆள் எடுக்கிறோம் என்று சொல்கிற உங்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். உங்களுக்குக் கதை அனுப்புகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகள் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு எழுத வந்தவர்கள் இருக்கிறார்கள், சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் ஐயாக்கள் இருக்கிறார்கள். போன குழுவில் ஒரு மூத்தவரின் கதை என் மாணவர்களில் ஒருவனுக்கு வந்தது. நடுப்பகுதியில் மூன்று பக்கம் கட்டுரை போலப் போகிறது என்று மரியாதையாகவே எழுதியிருந்தான். நானும் படித்தேன், அதில் ஒரு சொல்கூடத் தடிப்பாக இல்லை. அவர் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நேற்றுப் பிறந்த பையன் என் கதையைத் திருத்துவதா என்று கேட்டாராம். நீங்கள் அந்த விமர்சனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 'சிறப்பு ஐயா' என்று வேறொன்றை அனுப்பினீர்கள். பையனிடம் இதைச் சொல்லக்கூட இல்லை. அவனுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காலம் முழுக்கப் புகழுரை கேட்டுப் பழகியவர், திடீரென்று மாற மாட்டார். ஆனால் விமர்சனம் வேண்டும் என்று படிவத்தில் டிக் பண்ணித்தான் கதையை அனுப்பினார். வயதுக்கு ஏற்ற மாதிரி விமர்சனத்தை மாற்றுவது என்று முடிவு செய்தால் அதை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள், பிள்ளைகள் தெரிந்தே வரட்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் பெயரை மறைத்துவிடுங்கள். எழுதியவர் யார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாம், வாசித்தவர் யார் என்று எழுதியவருக்கும் தெரிய வேண்டாம். நடுவில் இருக்கிற ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர் ஒவ்வொரு விமர்சனத்தையும் படித்த பிறகே அனுப்ப வேண்டும். உனக்கு எழுத வராது என்ற மாதிரி ஒரு வரி பதினான்கு வயதுக் குழந்தைக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதி என்ன பயன்?

இப்போது வேலைச் சுமை. வாரம் ஐந்து கதை என்கிறீர்கள். இரண்டாயிரம் சொல் கதையை ஒருமுறை சும்மா படித்து, இன்னொருமுறை குறிப்பெடுத்துப் படித்து, பிறகு யோசித்து எழுத என் கணக்கில் இரண்டு மணி நேரம் ஆகும். வாரம் பத்து மணி நேரம், பன்னிரண்டு வாரத்துக்கு நூற்றிருபது மணி நேரம். 2025இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு என்று பார்த்தால் 8 ரிங்கிட் 72 சென். பெருக்கினால் 1,046 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். தன்னார்வலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் பணம் இல்லை என்பது தெரியும். குறைந்த வருமானமுள்ள ஒரு பி40 குடும்பத்துப் பிள்ளை வார இறுதியில் பேரங்காடியில் நின்றால் கையில் கிடைக்கும் காசை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறாள் என்பது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் கணக்குப் போட்டேன். இதைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வந்தால் போதும் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் சம்பளமில்லாப் பயிற்சி பற்றி நிறைய வழக்குகள் நடந்தன. லாபநோக்குள்ள நிறுவனங்களுக்காக 2018 ஜனவரியில் அவர்களுடைய தொழிலாளர் துறை ஒரு சோதனையை ஏற்றுக்கொண்டது. அதில் ஏழு அம்சங்கள் உண்டு, எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன் அடைவது யார், பயிற்சி பெறுகிறவரா, நிறுவனமா? அறநிறுவனத்தில் தன்னார்வமாக உழைப்பது அங்கேயும் பொதுவாக அனுமதிக்கப்பட்டதுதான், இந்தச் சோதனை அவர்களுக்காக வந்ததில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை.

வாரம் இரண்டு கதை போதும் என்பது என் அபிப்பிராயம். கதைகள் தேங்கும். தேங்கட்டும். பதில் வர ஆறு வாரம் ஆகும் என்று எழுத்தாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு மூன்று கதை பாக்கி இருந்தால், கதையை அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டி, வந்ததைப் படிவத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் நீங்கள்தான் படிப்பதில்லையே. அந்த விமர்சனம் ஒருவேளை பிழையில்லாமல்கூட இருக்கலாம். ஆனால் கதையை எழுதியவர் ஒரு மனிதர் வாசிப்பார் என்று நம்பி அனுப்பினார். அவர் கதை அவர் அனுமதி இல்லாமல் எங்கோ போய்விட்டது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த கணமே உரிமை எழுதியவருக்கு, பதிவு எதுவும் தேவையில்லை. உங்களிடம் அனுப்பியதால் அது உங்களுடையதாகிவிடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பெயர், பள்ளி, தொலைபேசி எண் எல்லாம் உங்கள் கூகள் ஷீட்டில் இருக்கிறது, தன்னார்வலர் எல்லாருக்கும் அது திறந்திருந்தது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தானே, எங்களுக்கு என்ன என்று யாராவது சொல்லக்கூடும். சட்டம் தொடாவிட்டாலும் அந்த ஷீட்டை மூடுங்கள். இன்றைக்கே மூடுங்கள்.

சான்றிதழ் பற்றியும் ஒன்று. பிராக்டிக்கல் என்று பிள்ளைகள் சொல்கிற தொழிற்பயிற்சிக்கு இதைக் காட்டலாம் என்ற நினைப்பில் சிலர் வருகிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் அதற்கு லாக் புக், மேற்பார்வையாளர் அறிக்கை எல்லாம் கேட்கும். உங்களிடம் மேற்பார்வையாளரே இல்லை. இது அதற்குச் செல்லாது என்று அறிவிப்பில் ஒரு வரி போட்டால் ஒரு செமஸ்டர் வீணாகாமல் போகும். சான்றிதழுக்குப் பதிலாக, அந்தப் பிள்ளை எழுதியவற்றில் நல்ல இரண்டு விமர்சனங்களை, எழுத்தாளர் சம்மதத்தோடு, மூத்தவர் ஒருவரின் குறிப்போடு கோப்பாக்கிக் கொடுங்கள். பத்திரிகை வேலைக்கோ பதிப்பக வேலைக்கோ போகும்போது அதைக் காட்டினால் எதிரில் இருப்பவர் புரட்டிப் பார்ப்பார்.

இவ்வளவையும் யார் செய்வது, ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களுக்குப் பஞ்சமா? எங்களில் பாதிப் பேர் காலையில் நடைப்பயிற்சி, மாலையில் டிவி என்று இருக்கிறோம். எங்களுக்கும் முதலில் அந்த இரண்டு வாரப் பழக்கம் வேண்டும், இல்லையென்றால் நாங்கள் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவோம். அதை ஒத்துக்கொள்கிற ஆசிரியர்களாகப் பார்த்து எடுங்கள். நாலு தன்னார்வலருக்கு ஒரு மூத்த வாசகர், வாரம் எட்டு விமர்சனம் படித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினால் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் இருபது பேருக்குப் பதிலாக எட்டுப் பேரை எடுங்கள்.

நீங்கள் பதிவு பெற்ற சங்கம். வருடாந்திரக் கூட்டத்தில் அறிக்கை வைக்கிறீர்கள். போன அறிக்கையில் எத்தனை கதைக்கு விமர்சனம் எழுதப்பட்டது என்ற எண் பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த அறிக்கையில் அந்த விமர்சனங்களில் எத்தனையை உங்கள் பொறுப்பாளர் படித்தார் என்ற எண்ணையும் சேருங்கள். விமர்சனம் வாங்கிய எழுத்தாளர்களில் எத்தனை பேர் கதையைத் திருத்தி மறுபடி அனுப்பினார்கள் என்பதையும் போடுங்கள்.

மூத்த வாசகராக நான் வரத் தயார். கோலாலம்பூர் செந்தூலில்தான் இருக்கிறேன், வேண்டுமானால் நேரிலும் வருவேன். அந்தப் பையனிடம் முதலில் பேசிவிட்டுச் சொல்லுங்கள், அதுதான் என் ஒரே நிபந்தனை. மற்றபடி வெளிநாட்டுத் தன்னார்வலர்களோடு நடத்தும் இணையக் கூட்டத்தின் நேரத்தை மட்டும் கொஞ்சம் பார்த்து வையுங்கள். டொராண்டோவில் காலை பதினொரு மணி என்றால் அவர்கள் கோடைக்காலத்தில் இங்கே இரவு பதினொரு மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு. சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் சென்னைக்கு மாலை ஐந்தரை, டொராண்டோக்காரர்கள் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
செந்தூலில் இருந்து,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி